வேல்ஸில் ஒரு பள்ளிக்கூட வாங்கு

கடல் காட்டுவதாகச் சொல்லித்தான் அம்மா என்னை வேல்ஸுக்குக் கூட்டிப்போனார். அப்போது எனக்கு எட்டு வயது. பாரிஸில் லா சப்பல் கடையொன்றில் வாங்கிய முருங்கைக்காய்களைப் பையில் நிமிர்த்தி வைத்தபடி கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறினோம். உணவகத்தில் லீவு கிடைக்காததால் அப்பா வரவில்லை.

அம்மாவின் தங்கை, என் சித்தி, அங்கே ஒரு கடலோரச் சிறுநகரத்தில் இருந்தார். அவர்கள் சந்தித்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் இருவரும் கடைக்காரரும் வாடிக்கையாளரும் போல அரிசி விலையையும் குளிரையும் பற்றி மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். பெரியவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று நான் நினைத்தேன்.

போன நாளிலிருந்து மழை. கடலுக்குப் பதிலாகச் சித்தி எங்களை நகரத்து அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார். சுரங்கத் தொழிலாளியின் விளக்கு, காதலிக்குச் செதுக்கிக் கொடுத்த மரக்கரண்டி, மாடியில் மலையும் ஆடுகளுமாய் ஓவியங்கள். எல்லாவற்றின் கீழும் இரண்டு மொழிகளில் எழுதியிருந்தது. பாரிஸில் அம்மாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துச் சொல்பவள் நான். இங்கே இரண்டுமே எனக்குத் தெரியவில்லை. இங்கிலாந்தில் எதற்கு இரண்டு பாஷை என்று அம்மா கேட்டார். இது இங்கிலாந்து இல்லை என்று சித்தி சற்றுக் கோபமாகவே சொன்னார்.

கடைசி அறையில் பழைய வகுப்பறை ஒன்றை அப்படியே அமைத்திருந்தார்கள். இருந்து பார்க்கலாம் என்று காவலர் சைகை காட்டினார். இரண்டு பேர் இருக்கக்கூடிய மரவாங்கு ஒன்றில் சித்தி போய் இருந்தார். அவருக்கு இடக்கைப் பழக்கம். அம்மா யோசிக்காமலே சுற்றிப்போய் அவருக்கு வலப்பக்கம் இருந்தார். எழுதும்போது முழங்கைகள் முட்டாத பக்கம் அது.

சித்தி மேசையிலிருந்த சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நாங்கள் வந்ததிலிருந்து அம்மாவை "நீங்கள்" என்று பேசியவர் சொன்னார்:

"அப்பாவின்ரை செத்தவீட்டுக்கு நீ வந்திருக்கலாம், அக்கா."

அம்மா சிலேட்டைத் தன் பக்கம் திருப்பினார். "எனக்கு அப்ப காட் இல்லை. பிரான்ஸை விட்டு வெளிக்கிட்டிருந்தா திரும்பி வந்திருக்கேலாது." வதிவிட அட்டையைத்தான் எங்கள் ஆட்கள் காட் என்பார்கள்.

"தெரியும். எண்டாலும் வாசலைப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

மழை விட்டிருந்தது. கடலுக்குப் போவோம் என்று நான் அம்மாவின் கையை இழுத்தேன். அவர் எழும்பவில்லை. கோபத்தில் நான் மேலே போய் ஓவியத்து ஆடுகளை எண்ணினேன். திரும்பி வந்தபோது இருவரும் கண்களைத் துடைத்தபடி, தங்கள் பழைய ரீச்சர் ஒருவரின் நடையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். காவலர் எங்களுக்கு முதுகு காட்டி, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடிப்பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாரிஸுக்குத் திரும்பியதும், அம்மா குளிக்கப் போன நேரம் அப்பா என்னிடம் பயணத்தைப் பற்றிக் கேட்டார். பின்னேரம் முழுக்க மியூசியத்தில் ஒரு வாங்கிலேயே இருந்துவிட்டார்கள் என்று முறைப்பாடு சொன்னேன்.

"ரெண்டு பேரும் ஒரே வாங்கிலயோ?"

ஓம் என்றேன். அப்பா மறுபடியும் அதையே கேட்டார். அந்தப் பழைய வாங்கு முறிந்திருக்குமோ என்று பயப்படுகிறார் என நினைத்து, அது நல்ல பலமான மரம் என்று அவருக்குச் சொன்னேன்.