ஓவும் பூஜ்யமும்

1997 ஜூன். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஒரு சாப்ட்வேர் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பவுலின் எழுதிய ப்ரோகிராம் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் ஓடத் தொடங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. பழைய ரிஜிஸ்டரைக் கட்டி வைத்துவிட்டார்கள். பிரிண்டர் மக்கர் பண்ணுகிறதென்று மதியம் அவள் போயிருந்தபோது ஆபரேஷன் தியேட்டரிலிருந்து நர்ஸ் ஓடி வந்தார். பிரசவமான பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லையாம். பி நெகட்டிவ் உடனே வேண்டும்.

இருந்தது ஒரே ஒரு பை. ரத்த வங்கி டாக்டர் அதன் எண்ணைத் தானே கம்ப்யூட்டரில் அடித்தார்: 400172. அப்படி ஓர் எண்ணே இல்லை என்றது திரை.

"டெஸ்ட் ரிசல்ட் பாக்காம எப்படிக் குடுக்கறது?" கிளார்க் பாமாவை முறைத்தார் டாக்டர். டைப்பிங் பிரிவிலிருந்து மூன்று நாள் முன்புதான் வந்தவள் அவள்.

"ஏசப்பா... காலைல நான்தானே ஏத்துனேன்!" பாமா பதறினாள்.

பவுலின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பதிவான எண்கள் வரிசையாக ஓடின. வரிசை எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில் ஒரு கொத்து தனியாக நின்றது. அவற்றில் பூஜ்யங்கள் சற்றே அகலமாக இருந்தன.

"அக்கா, பூஜ்யத்துக்கு எந்தக் கீ அடிச்சீங்க?"

"ஓ தான். எங்க டைப்ரைட்டர்ல பூஜ்யத்துக்குத் தனிக் கீ கிடையாது, இங்கிலீஷ் ஓ எழுத்தைத்தானே அடிப்போம்?"

பவுலின் இரண்டு ஓ போட்டு அடித்தாள். ரிசல்ட் வந்தது. எல்லாம் சுத்தம். நர்ஸ் பையோடு ஓடினார்.

முக்கால் மணி நேரம் கழித்து, அந்தப் பெண் பிழைத்துவிட்டாள் என்று தியேட்டரிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்.

விஷயம் தெரிந்து பவுலினின் கம்பெனி மேனேஜர் வைத்தீஸ்வரன் போனில் வந்தார். "கிளார்க் தப்பா அடிச்சிட்டாங்கன்னு ரிப்போர்ட் எழுதிடும்மா. கம்பெனி பேரு என்னாவறது?"

பாமா எதிரிலேயே நின்றிருந்தாள்.

"இல்ல சார். எண் மட்டும்தான் வரணும்னா isdigit போட்டுச் சோதிச்சிருக்கணும். நான் isalnum போட்டிருக்கேன். அது எழுத்தையும் சரின்னு உள்ள விட்டுடும். தப்பு என்னோடது."

"யோசிச்சுத்தான் பேசறியா?"

"ஆமா சார்."

அவர் போனை வைத்துவிட்டார். அடுத்த மாதம், கம்பெனி அமெரிக்காவுக்கு அனுப்பும் ஆட்களின் பட்டியல் வந்தபோது அதில் பவுலின் பெயர் இல்லை. அம்மாவிடம் காரணம் சொல்ல அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது.

ஆனால் அன்று மதியமே அந்த ஒரு வரியை மாற்றினாள். பிறகு பாமா ஒவ்வொரு பையாக எடுத்து எண்ணைப் படிக்க, மூன்று நாள் பதிவுகளையும் இவள் திருத்தினாள். பாமாவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.