என் டெய்லருக்கு நான் செய்த துரோகம்

மூன்று வாரமாகக் கம்பெனி பஸ்ஸில் ஹெப்பாள் போகும்போதெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து ஓர் அமெரிக்க கன்ட்ரி பாட்டைக் கேட்டு அழுதுகொண்டிருக்கிறேன். வயது நாற்பத்தொன்பது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது!

(பக்கத்து சீட்காரர் கண் ஆபரேஷனா என்று விசாரித்துவிட்டார்.)

என் பெண் போனில் போட்டுக் கொடுத்த பாட்டு. புருஷன் இன்னொருத்தியிடம் போகிறான். பெண்டாட்டிக்குத் தெரிந்துவிடுகிறது. சத்தமே போடவில்லை. கத்தரிக்கோலை எடுத்து அவன் சட்டைகள் அத்தனையிலும் இடது கையை மட்டும் வெட்டி, இஸ்திரி போட்டு, மடித்துத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுகிறாள்!

என்ன பொம்பளை! உடனே அதையே ரிங்டோன் ஆக்கிவிட்டேன்.

போன வியாழக்கிழமை வரை அந்தப் பாட்டில் நான் பெண்டாட்டி கட்சி.

வியாழன் சாயங்காலம்தான் தெரிந்தது, நான்தான் அந்தப் புருஷன் என்று.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை நஞ்சன்கூட்டில் சித்தப்பா பையனுக்குக் கல்யாணம். அவனுக்குக் கூடப்பிறந்தவள் இல்லை. நாத்தனார் முடிச்சு நான்தான் போட வேண்டும். மேடை, வீடியோ, தலைக்கு மேல் டிரோன்!

பதினாறு வருடமாக என் பிளவுஸ் எல்லாம் மாதேஷ் தைத்ததுதான். ஹனூர்க்காரர், எங்கள் தெருமுனையில் கடை. இந்த ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முதுகில் கண்ணாடி வேலை வைத்துத் தரும் புது பொட்டிக் ஒன்றுக்குப் போய்விட்டேன்.

(எல்லாத் துரோகியும் 'ஒரே ஒரு தடவை' என்றுதான் சொல்வார்கள்.)

வந்த பிளவுஸைப் போட்டுக் கையை முன்னால் நீட்டினால் அக்குளில் பிடிக்கிறது. இந்தக் கையோடு தாலி முடிச்சா? பொட்டிக்கில் கேட்டால், "நெக்ஸ்ட் வீக் வாங்க மேடம்!"

வேறு வழியில்லாமல் மாதேஷிடமே போனேன். வழியெல்லாம் ஒத்திகை.

"குண்டலுபேட்டைல என் தங்கச்சி இருக்காளே, அவ பிளவுஸ் மாதேஷ். அக்குள்ல கொஞ்சம் லூஸ் பண்ணணும்."

மாதேஷ் பையைக் கவிழ்த்தார். பிளவுஸ் விழுந்தது. கூடவே இன்னொன்றும் விழுந்தது.

அளவுக்காகப் பொட்டிக்கில் கொடுத்திருந்த என் பழைய பச்சை பிளவுஸ். மாதேஷ் தைத்தது!

புரட்டி உள்பக்கம் பார்த்தார். அளவெடுக்க ஒரு பக்கத் தையலைப் பிரித்து, வேறு கலர் நூலில் மூடியிருந்தார்கள்.

"ஏனுங்க்கா, என்ற பிளவுஸையே அளவுக்குக் குடுத்தீங்களா?"

"தங்கச்சிதான் கேட்டா..."

"உங்க தங்கச்சிக்கும் எடது தோளு கால் இஞ்சு எறக்கமுங்களா?"

(என் தோள் கோணல் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்!)

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. கிட்டாரும் பாஞ்சோவுமாகப் பாட்டு முழங்கியது.

எப்போதும்போல முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஹூக் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி சரோஜா நிமிர்ந்தாள். "நல்லா இருக்கே! என்ன பாட்டுங்க்கா?"

பதற்றத்தில் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். புருஷன், இன்னொருத்தி, கத்தரிக்கோல் வரைக்கும்.

மாதேஷ் கையிலும் கத்தரிக்கோல்.

"எடது கை மட்டுமுங்களா?"

"ஆமா."

"அந்தாளு ஒரு மன்னிப்புக் கேக்கலீங்களா?"

"பாட்டே மூணு நிமிஷம்தான் மாதேஷ்."

"அதுக்கு ஒரு நிமிஷம் போதுமுங்களே."

கேட்டுவிட்டேன். "தப்புதான் மாதேஷ். முடிச்சு நான்தான் போடணும். கையை நீட்ட முடியல. அத்தனை பேர் முன்னாடி மானம் போயிரும்."

"சும்மனிருங்க, அக்கா மொகமே செத்துப்போச்சு," என்று சரோஜா கணவரை அடக்கினாள்.

மாதேஷ் பிளவுஸை நீவிவிட்டார். "சனிக்கெழமை வாங்க."

சனிக்கிழமை பார்சல் தயாராக இருந்தது. "போட்டெல்லாம் பாக்க வேண்டாமுங்க. செரியா இருக்கும்."

திறந்தால், இஸ்திரி போட்டு, மடித்து! அச்சு அசல் பாட்டில் வருகிற மாதிரியே!

நடுத்தெருவில் நின்று முதலில் இடது கையைத் தேடினேன். இருந்தது.

ஞாயிறன்று கை எந்தப் பக்கம் நீட்டினாலும் வெண்ணெயாகப் போனது. மாப்பிள்ளை முதல் முடிச்சு, மற்ற இரண்டும் நான். ஜம்மென்று போட்டேன். என்ன பெருந்தன்மை இந்த மாதேஷுக்கு என்று மேடையிலேயே கண் கலங்கியது.

(மண்டபத்தில் ஆறு பெண்கள் "உங்க டெய்லர் மாதேஷா?" என்று பெயரோடு கேட்டபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.)

நேற்று போட்டோக்கள் வந்தன.

மணப்பெண்ணின் பின்னால் குனிந்து முடிச்சுப் போடுகிறேன். என் பின்கழுத்தில், உள்ளே மடங்கியிருக்க வேண்டிய மஞ்சள் லேபிள், கேன்வாஸ் கொடுத்து விறைப்பாக்கி, கோபுரம் மாதிரி வெளியே நிற்கிறது: 'மாதேஷ் லேடீஸ் டெய்லர்'. கன்னடத்தில் ஒருமுறை, இங்கிலீஷில் ஒருமுறை. டிரோன் படத்தில்கூடப் படிக்க முடிகிறது!

இன்று சாயங்காலம் சரணடையப் போனேன். மாதேஷ் நூல் வாங்கப் போயிருந்தார். சரோஜா மட்டும் இருந்தாள்.

"உன் வீட்டுக்காரர் பழிவாங்கிட்டாரும்மா. இனி செத்தாலும் நான் வேற கடை வாசல்ல கால் வைக்கமாட்டேன்!"

சரோஜா வாசலைப் பார்த்தாள். பிறகு முந்தானையை லேசாக விலக்கி முதுகைக் காட்டினாள்.

கண்ணாடி வேலை! அதே பொட்டிக்!

"எனக்கும் அக்குள்ல பிடிக்குதுங்க்கா," என்றாள். "அந்தப் பாட்டை மட்டும் இவரு இருக்கறப்ப அடிக்க வுட்ராதீங்க."