நடவுக்காரி அட்டை

புது வார இதழின் அட்டையில் மண்ணெண்ணெயும் பசையும் கலந்தாற்போல ஒரு வாசனை இருக்கும். அம்மா முதலில் அதை முகர்ந்துவிட்டுத்தான் படத்தைப் பார்ப்பாள். நைனார்பாளையத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் எங்களைக் காப்பாற்றிய அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் பத்து அட்டைகளைப் பரப்பி வைத்தால், தனக்குப் பிடித்த ஓவியர் வரைந்ததை மட்டும் தொட்டு, "இது 'அந்த ஆளு கை'" என்பாள். ஒருமுறைகூடத் தவறியதில்லை. அவற்றை ஓரத்தில் நூலால் தைத்துத் தகரப் பெட்டியில் சேர்த்திருந்தாள்.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தபோது எனக்குப் பத்து வயது. புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்திருந்தார்கள்; பஸ் இல்லை. இதழ் வரும் நாளென்று அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு சின்னசேலம் ரயிலடிக் கடைக்கு நடந்தே புறப்பட்டாள். மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தவர்களில் எங்கள் தெரு ஏழுமலை மாமாவும் இருந்தார்.

"இன்னாக்கா, எங்க போய்க்கினு கீற?"

"பொஸ்தகம் வாங்கியாரப் போறன்."

"படிக்கத் தெரியாத ஒனக்கு இன்னாத்துக்குக்கா பொஸ்தகம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா கிளையைத் தாண்டினாள்.

கடைக்கு வந்திருந்த ஒரே பிரதியோடு நாங்கள் திரும்பியபோது, "காட்டுக்கா, பாக்கலாம்" என்று மாமா வாங்கினார். அட்டையில் ஒரு நடவுக்காரி, முழங்கால் சேற்றில் நின்று, முன்னங்கையால் நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். சிரிப்பு அடங்கிவிட்டது.

"வெரலெல்லாம் சேறு கீது, அதான் அப்பிடி ஒதுக்குறா" என்றாள் அம்மா. யாரிடமும் அதிகம் பேசாத அவள் சொல்லச் சொல்ல, அத்தனை ஆண்களும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததை நான் வாய் பிளந்து பார்த்தேன்.

அப்போதுதான் போலீஸ் வேன் வந்தது. அம்மா என்னைக் கரும்புக்குள் இழுத்துக்கொண்டு ஓடினாள். மாமாவைப் பிடித்து ஏற்றினார்கள். இதழ் அவர் சட்டைக்குள் இருந்தது.

சில வாரங்கள் கழித்து, தாடியும் மீசையுமாக மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார். நான்காக மடித்த அட்டையை நீட்டினார்.

"உள்தாளெல்லாம் போச்சுக்கா. இத்த மட்டும் காப்பாத்திக்கினு வந்தேன். ஜெயில்ல தெனிக்கும் யாராச்சும் கேட்டு வாங்கிப் பாத்துக்கினே இருந்தாங்க. ஒருத்தன் அவங்கம்மா ஞாபகம் வந்து அழுதுட்டான்."

அம்மா அட்டையைப் பார்க்கவேயில்லை. "நீ மொதல்ல உக்காந்து சாப்புடு" என்றாள்.

இன்று அம்மா இல்லை, மாமா இல்லை. அந்த இதழ் நின்று பல காலம் ஆகிறது. இப்போது வருகிற ஒன்றிரண்டு இதழ்களிலும் அட்டைக்குப் புகைப்படம்தான். சென்ற மாதம் பழைய அட்டைகளைக் கணினியில் ஏற்றிவைக்கும் இளைஞர் ஒருவர் சேலத்திலிருந்து வந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தவர், நடவுக்காரியை மட்டும், "மடிப்பு விழுந்திருக்குங்க, சரியா வராது" என்று ஒதுக்கினார்.

நான் அதை எடுத்து, கட்டின் மேலே வைத்து, "இதை மொதல்ல எடுங்க தம்பி" என்றேன்.