ஹேமா வீட்டு ஜன்னலில் கடல்

போன வாரம் விசாகப்பட்டினம் போய் வந்தேன். அங்கே கடற்கரைச் சாலையில், கடலைப் பார்த்த பத்தாவது மாடியில் குடியிருக்கிறாள் என் தோழி ஹேமா.

புத்தூர் பக்கம் இருவருக்கும் ஒரே காலேஜ், ஒரே பெஞ்ச். கடைசியில் ஒரே இன்டர்வியூ. அவள் தேர்வானாள். நான்... ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்கிறேன்.

இப்போது அவள் கம்பெனியில் எனக்குப் பொருத்தமாக ஓர் இடம் காலி. அவள் ஃபிளாட்டிலும் ஓர் அறை காலி. விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி. "மொதல்ல வந்து ஊரப் பாருடி. அப்பறம் சொல்லு" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடித்தான் போனேன். வேறெதற்கு?

கிளம்பும் முன் வாட்ஸ்அப்பில் ஒரு வழிகாட்டி வந்தது. பன்னிரண்டு குறிப்புகள். எந்த கேட் வழியாக வர வேண்டும், கடலோரம் நடக்க எது நல்ல நேரம், எந்தக் கடையில் காபி... லிஸ்ட் போடுவது என் வேலை! காலேஜில் ரெக்கார்டு நோட்டு வைக்கும் தேதியை அவளுக்கு ஞாபகப்படுத்தியதே நான்தான். இப்போது எனக்கே லிஸ்டா?

முதல் குறிப்பு: 'லட்டு கொண்டு வா.' படித்தேன். கொண்டு போகவில்லை.

எங்கள் திருப்பதிப் பக்கத்து ஆள் வெளியூர் போனால் லட்டோடுதான் போக வேண்டும் — இது எழுதாத சட்டம். தெரியாதவளா நான்? ஆனாலும் அவள் சொல்லி நான் செய்வதா?

கேட்டில் செக்யூரிட்டி எந்த ஊர் என்று கேட்டார். திருப்பதி பக்கம் என்றேன். சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "லட்டு தேலேதா அம்மா?" கொண்டு வரலையா என்கிறார். லிஃப்டில் நாயோடு வந்த அம்மாளும் அதையே கேட்டார். நாய்கூட என் பையை மோந்து பார்த்தது.

மறுநாள் காலை கடலோரம் நடந்தோம். பழக்கதோஷம், மனசுக்குள் குறைப் பட்டியல் போட்டேன். ஒன்று: உப்புக் காற்று, ஃப்ரிட்ஜ் துருப்பிடிக்கும். இரண்டு: அலைச் சத்தம், தூக்கம் வராது (அடித்துப் போட்டமாதிரி தூங்கியிருந்தேன்). மூன்று: யாரும் துரத்தாமலே எல்லோரும் ஓடுகிறார்கள்.

நான்காவது கிடைக்கவில்லை. கடல் அவ்வளவு நீலமாக இருந்தது, பாவி!

"நம்ம ஊர்லயும்தான் தண்ணி கீது. பிச்சாட்டூர் டேம் இல்ல?" என்றேன்.

"கீது, கீது. எருமைங்கதான் வியூ பாத்துக்கினு நிக்கும்" என்று சிரித்தாள் ஹேமா. வழியில் நாலு பேர் அவளுக்குக் குட்மார்னிங் சொன்னார்கள். எண்ணினேன்.

வீடு திரும்பியதும் எதிர் ஃபிளாட் ஆன்ட்டி வந்தார். நான் சமையலறைக்குள் பதுங்கப் பார்த்தேன். ஹேமா ஃப்ரிட்ஜைத் திறந்தாள். ஒரு டப்பாவை எடுத்தாள். என் தோழி கொண்டு வந்தது என்று தெலுங்கில் சொல்லி, ஒரு முழு லட்டை ஆன்ட்டி கையில் வைத்தாள்.

கதவு சாத்தியதும் கேட்டேன். "இது எப்போடி வாங்கினே?"

"போன தடவ ஊருக்கு வந்தப்பவே. நீ எடுத்துக்கினு வரமாட்டேன்னு தெரியும்."

"இன்னாடி சொல்ற?"

"எம்மேல காண்டு ஆயிட்டா நான் சொன்னத மட்டும் செய்யமாட்டே. அந்த இன்டர்வியூ ரிசல்ட்டுலருந்து பாத்துக்கினுதானே கீறேன்?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். அங்கேயும் கடல்.

"வயித்தெரிச்சல் தாராளமா படு. அத்த இங்க வந்து படு. ரூம் காலியாத்தான் கீது" என்றாள், காபியை நீட்டியபடி.

பொறாமைப்படுவது கஷ்டமில்லை. பொறாமைப்படுகிறோம் என்று எதிராளிக்குத் தெரிந்த பிறகும் அவள் காபி கொடுத்தால்... அதைக் குடிப்பதுதான் கஷ்டம்.

ஊர் திரும்பி விண்ணப்பத்தைத் திறந்தேன். பத்தொன்பது கட்டங்கள். பதினெட்டைப் பத்து நிமிடத்தில் முடித்தேன். கடைசிக் கட்டம் — 'உங்களைப் பரிந்துரைத்தவர் யார்?'

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு மூடுகிறார்கள். நாலு ஐம்பத்தெட்டுக்கு 'ஹேமா' என்று டைப் செய்தேன்.

வேலை கிடைத்தால் லட்டு நான்தான் வாங்கிப் போவேன் — அவள் வாங்கிப் போனதைவிட ஒன்று கூடுதலாக!