கல்லறைச் சுவரும் ஞானராஜ் மாமாவும்

நற்கருணைக்குப் புளித்த அப்பமா, புளிக்காத அப்பமா என்று சண்டை போட்டு ஒரு காலத்தில் திருச்சபை கிழக்கு மேற்காகப் பிரிந்தது. பிறகு ஓர் இங்கிலாந்து ராஜாவுக்கு இன்னொரு கல்யாணம் தேவைப்பட்டது. ஒரு நாடே சபை மாறியது. இதையெல்லாம் கல்லூரியில் படித்துப் பரீட்சை எழுதியவன் நான். எங்கள் சபை ஒரு சுவிட்சால் பிரிந்தது. அதை மாட்டியவர் என் தாய்மாமா ஞானராஜ். அவர் காலமாகி இரண்டு மாதம் ஆகிறது.

மாமா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீசியன். எந்தச் சண்டையிலும் பக்கம் சேராதவர். மில் ஸ்ட்ரைக்கின்போது இரு தரப்புக்கும் டீ வாங்கிக் கொடுத்து, இரு தரப்பிடமும் திட்டு வாங்கியவர். ஞானரத்தினம் அத்தை இறந்தபோது கல்லறைத் தோட்டத்தில் அவள் பக்கத்திலேயே ஓர் ஆள் இடத்துக்குச் செங்கல் பதித்து, தனக்கென்று வைத்துக்கொண்டார். சபையும் சம்மதித்தது. அப்போது சம்மதிக்க ஒரே சபை இருந்தது.

டிசம்பர் வந்தால் ஆலயக் கோபுரத்தில் ஸ்டார் கட்டுவது மாமாவின் வேலை. சபை பிரிந்த வருஷம் அதை எரியவிடுவது யார் என்று செயலாளர் ரிச்சர்டுக்கும் பொருளாளர் செல்லத்துரைக்கும் தகராறு. ஆண்டவர் மாட்டுத் தொழுவத்தில் பிறந்ததைக் கொண்டாடும்போது முதலில் கை வைப்பது யார் என்பது லேசான விஷயமா? மாமா சமாதானத்துக்கு வழி கண்டுபிடித்தார். மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று சுவிட்ச் வைப்பார்களே, அதே மாதிரி ஆலயத்தின் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக மாட்டினார்.

"யாரு போட்டாலும் எரியும்" என்றார்.

இரண்டு பேரும் போட்டால் அணையும் என்று அவர் சொல்லவில்லை. ஒருவர் போட்ட பிறகு மற்றவர் சும்மா இருப்பார் என்று நம்பிவிட்டார். எலக்ட்ரீசியனுக்கு வருகிற பிழை அல்ல அது, விசுவாசிக்கு வருவது.

ரிச்சர்ட் போட்டார், எரிந்தது. செல்லத்துரை போட்டார், அணைந்தது.

"கொழந்த இயேசுவக் கொல்லப் பாத்த ஏரோதுகூட ஸ்டார அணைக்கலய்யா!" என்று ரிச்சர்ட் கத்தினார்.

பொங்கலுக்குள் சபை இரண்டானது. பிரிந்து போனவர்கள் 'ஐக்கிய சபை' என்று போர்டு மாட்டினார்கள். இருந்தவர்கள் விடுவார்களா? 'ஆதி ஐக்கிய சபை' ஆனார்கள். கல்லறைத் தோட்டத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போய், சமரசமாகி, சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தேசங்களைப் பிரித்தவர்களும் இப்படித்தான் மேஜையில் உட்கார்ந்து கோடு போட்டார்கள். கோடு யார் வீட்டு அடுப்படியில் போகிறது என்று எழுந்து போய்ப் பார்க்கவில்லை. கல்லறையில் எழும்பிய சுவர், மாமா பதித்த செங்கல் மேலேயே ஏறி நின்றது. அத்தை செல்லத்துரை பக்கம் போனாள்.

மாமாவுக்கு அதற்குப் பிறகு ஒரே கவலைதான். தன் இடத்தின் மேல் நிற்கும் சுவரைக் கொஞ்சம் இடித்துத் தருவீர்களா என்று ரிச்சர்டிடம் கேட்டார். "அண்ணாச்சி, நாங்க தொட்டா அவிய கேஸ் போடுவாவ" என்றார். செல்லத்துரையிடம் கேட்டார். வார்த்தை மாறாமல் அதே பதில். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு சபைக்கும் உபதேச வேறுபாடு கிடையாது.

அடுத்த வீட்டு மாரிச்சாமி பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். "ஏலே ஞானராசு, நான் பாகிஸ்தான் பார்டர்ல நின்னவன். அங்ககூட சாயங்காலமானா கேட்டைத் தொறந்து கை குடுத்துக்கிடுவான். ஒங்க ஆளுக அதுக்கும் மேலல்லா இருக்காவ!" என்பார்.

"சிரிக்காதடே. நான் எங்க படுக்கதுன்னு சொல்லு" என்பார் மாமா.

அதற்கு விடை தெரியாமலே ஒரு காலையில் போய்ச் சேர்ந்தார்.

மகள் ஆஷிகா அழுது முடித்து, முகம் கழுவி, நேரே ரிச்சர்டிடம் போனாள். "மாமா, சுவரை எட்டடி இடிச்சுக்கச் செல்லத்துரை மாமா சரின்னுட்டாவ. அவ்வளவு பெரிய மனசு ஒங்களுக்கு வருமான்னும் கேட்டாவ."

ரிச்சர்டுக்கு முகம் சிவந்தது. "அவன் எட்டடியா? எங்க சபை பத்தடி குடுக்கும்னு போய்ச் சொல்லு!"

அதற்குப் பிறகுதான் முதல் தடவையாகச் செல்லத்துரையிடம் போய் அந்தப் பத்தடியைச் சொன்னாள். அவர் பன்னிரண்டுக்கு வந்தார். அவள் அத்தோடு நிறுத்திக்கொண்டாள். இன்னும் ஒரு நடை போயிருந்தால் ஒரே நாளில் மொத்தச் சுவரும் விழுந்து, சபைகளுக்கு வேலையில்லாமல் போயிருக்கும்.

மாரிச்சாமி கடப்பாரை எடுத்தார். மாமாவை அத்தைக்குப் பக்கத்தில் வைத்தோம். இரண்டு பாஸ்டர்களும் ஒரே நேரத்தில் ஜெபித்தார்கள், ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காத அளவு சத்தமாக.

மறுவாரம் சுவரைத் திரும்பக் கட்ட வந்தார்கள். கல்லறை மேல் கட்ட முடியாது, வளைக்க வேண்டும். எந்தப் பக்கம் வளைப்பது? உயிரோடு இருந்தவரைக்கும் ஆறடி தராதவர்கள், மாமா எங்கள் பக்கம்தான் என்று மல்லுக்கு நின்றார்கள். மறுபடியும் ஸ்ரீவில்லிபுத்தூர். தீர்ப்பு வரும்வரை யாரும் ஒரு செங்கல் வைக்கக்கூடாது என்று உத்தரவு.

எப்படியும் பத்துப் பதினைந்து வருஷம் ஓடும் என்கிறார் வக்கீல். ஆஷிகா அதற்குள் ஜெபக் குறிப்பு கொடுத்துவிட்டாள்: வாய்தா மேல் வாய்தா வர வேண்டும். நானும் முழங்காலில் நின்று அதையே கேட்கிறேன்.