பின்பாதி

எங்கள் கோழித் தொழிற்சாலையில் அவளுக்குப் பட்டப்பெயர் பின்பாதி. அவளுடைய அக்காவுக்கு முன்பாதி. இருவருக்கும் சேர்த்து ஒரே அட்டை, ஒரே வேலை, ஒரே சம்பளம். வேலைக்கான அந்த அட்டை அக்கா பெயரில் இருந்தது. உயிர்க்கோழியைத் தலைகீழாகக் கொக்கியில் மாட்டும் வேலை. மதியத்துக்குள் அக்காவின் மணிக்கட்டு வீங்கிவிடும். அப்போது தங்கை வந்து நிற்பாள். கொக்கிகளை இழுத்துக்கொண்டு ஓடும் சங்கிலி யாருக்காகவும் நிற்காது. அக்கா விலகுவாள், அவள் நுழைவாள், கையுறை சூடு ஆறாமல் கைமாறும். ஒரு அட்டைக்கு ஒரு ஜோடி கையுறைதான் கொடுப்பார்கள். அந்த இடைவெளியில் பக்கத்தில் நிற்கும் நான் அவர்களுடைய கொக்கியிலும் இரண்டு கோழியை மாட்டிச் சமாளிப்பேன்.

சூப்பர்வைசருக்கு எல்லாம் தெரியும். களைத்த கைக்குப் பதில் புதுக் கை, அதுவும் ஓசியில். கண்டும் காணாமல் இருந்தான், மகராசன்.

பின்பாதிக்கு வாய் நீளம். "எனக்குன்னு ஒரு அட்டை வரட்டும், அப்புறம் பாருங்க, நான்தான் முன்பாதி" என்று அக்காவைச் சீண்டுவாள். சூப்பர்வைசரை எங்கே பார்த்தாலும் அதே பல்லவி. அவனும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று இழுத்தடித்தான். அந்த அட்டைக்காக அவள் எதையும் செய்வாள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

ஒருநாள் ஆட்களையும் கூலியையும் கணக்கெடுக்க ஓர் அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். சரியாக மதியம், அக்காவும் தங்கையும் இடம் மாறும் நேரம். அட்டையில் ஒருத்தி, வேலையிடத்தில் இரண்டு பேர். சூப்பர்வைசர் ஓடிவந்தான். பின்பாதியின் தோளைப் பிடித்து ஐஸ் ரூம் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

"கொஞ்ச நேரம் உள்ள இரு. அவர் போனதும் நானே திறக்கறேன். இன்னைக்கு மட்டும் காப்பாத்து, உன் அட்டைக்கு நானாச்சு."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு உள்ளே போனாள். கையுறை அக்கா கையில் இருந்தது. கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து வெகு காலமாகியிருந்தது. உள்ளே இருந்த கோழிகள் எதுவும் புகார் சொல்லவில்லை.

அதிகாரி பொறுமைசாலி. ஒவ்வொருவரிடமும் நின்று கேட்டார். அக்காவிடமும் கேட்டார்.

"முழு ஷிப்ட்டும் நீங்களேதான் நிக்கறீங்களா?"

"நானேதான் சார்."

"கை வலிக்காதா?"

"பழகிடுச்சு சார்."

எழுதிக்கொண்டார். பிறகு சூப்பர்வைசரின் அறைக்குப் போனார்கள். டீ வந்தது, இன்னொரு டீ வந்தது, அறைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அதிகாரி பின்வாசல் வழியாகக் கிளம்பியதும் சூப்பர்வைசர் அவரை வழியனுப்பப் போனவன் போனவன்தான். அவன் கதவைத் திறந்து அவளை வீட்டுக்கு அனுப்பியிருப்பான் என்று நாங்கள் நினைத்தோம். அக்கா கவனித்துக்கொள்வாள் என்று தான் நினைத்ததாக அவன் பிறகு சொன்னான். இயந்திரச் சத்தத்தில் அந்தக் கதவை எத்தனை பேர் தட்டினாலும் கேட்காது.

சங்கிலி நின்று சத்தம் அடங்கிய பிறகுதான், உள்ளிருந்து முனகல் கேட்டு அக்கா ஐஸ் ரூமைத் திறந்தாள். பின்பாதி உயிரோடு இருந்தாள். வெறுங்கையால் இரும்புக் கதவை அறைந்து அறைந்து, விரல்கள் அதிலேயே ஒட்டிப்போயிருந்தன. ஆஸ்பத்திரியில் கட்டைவிரல்களை மட்டும் காப்பாற்றினார்கள்.

நஷ்டஈடு கேட்டு இருவரும் மேனேஜர் முன்னால் நின்றார்கள். சாட்சியாக நானும் நின்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை, தங்கையைக் காட்டி அக்காவிடம் சொன்னார்.

"இவங்க இங்க வேலையே பாக்கலையே. பாத்தாங்கன்னு நீங்க சொன்னா, ஒரு அட்டையில ரெண்டு பேர் ஏமாத்தினதா ஆகும். உங்க வேலையும் போகும். யோசிச்சுச் சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் முழங்கையைப் பிடித்து அமுக்கினாள்.

"எனக்குச் சாப்பாடு குடுக்க வந்தா சார். வழி தெரியாம உள்ள போயிட்டா."

தங்கை அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நாளில் எனக்கு எரிச்சல் யார்மீது என்றே தெரியவில்லை. கண்ணைக் கட்டி விட்டாலும் அந்தக் கட்டடத்தில் எந்த மூலைக்கும் போகத் தெரிந்தவள் அவள்.

"ஆமா சார்," என்றாள். "எனக்கு வழி தெரியாது."

சில மாதங்களில் கணக்கெடுப்பின் முடிவை அச்சடித்து வாசலில் ஒட்டினார்கள். இங்கே ஓர் ஆளின் சம்பளம் மற்ற இடங்களைவிட மேலாம், விபத்து எதுவும் இல்லையாம். மேனேஜர் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். அக்கா தன் பங்கைத் தங்கைக்கு எடுத்துப்போனாள். காகிதத்தைப் பிரித்து அவள் வாயில் போட்டதும் அக்காதான்.

அடுத்த கணக்கெடுப்புக்கு அதே அதிகாரி வந்தார், அக்காவிடம் கேட்டார்.

"உங்க வீட்டுல வேற யாராவது இங்க வேலை பாக்கறாங்களா?"

"இல்ல சார். நான் ஒருத்திதான்."

போன தடவை எழுதியதைப் பார்த்து, மாற்றம் இல்லை என்று திருப்தியாகத் தலையாட்டினார். இந்த முறை அவள் சொன்னது உண்மை.

அப்போது மதியம். அவள் மணிக்கட்டு பொம்மென்று வீங்கியிருந்தது. பழக்க தோஷம், கையுறையைக் கழற்றிப் பக்கவாட்டில் நீட்டியபடி ஓரடி விலகினாள். தனக்கு வழிவிடுகிறாள் என்று நினைத்த அதிகாரி, "தேங்க்ஸ்மா" என்று அந்த இடைவெளியில் புகுந்து போனார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கொக்கிகள் காலியாகப் போய்க்கொண்டிருந்தன. என்னால் எத்தனைதான் மாட்ட முடியும்?

சூப்பர்வைசர் மேலேயிருந்து கத்தினான்.

"ஏய், முழுச் சம்பளம் வாங்கறல்ல? முழு ஆளா நில்லு!"