கம்பளியும் துணிதானே

அந்தச் சலவை ஆலையில் இயந்திரங்களுக்குக் கணினி நிரல் எழுதும் பெண்ணை எல்லாரும் 'விசாரணை அக்கா' என்றே அழைத்தார்கள். யார் எதிரே வந்தாலும் "யாரு, என்ன விஷயம்?" என்று கேட்ட பிறகே அவருக்கு அடுத்த வார்த்தை வரும். அவர் எழுதிய நிரலும் அப்படித்தான். உள்ளே வரும் ஒவ்வோர் உருப்படியையும் 'நீ என்ன வகை?' என்று கேட்டுவிட்டே இயந்திரத்துக்கு உத்தரவிடும். பதினோரு ஆண்டுகளாக அதன்மேல் ஒரு புகாரும் இல்லை.

ஒரு விடுதியின் கம்பளிப் போர்வைகளை முதன்முறையாக ஏற்ற வாரத்தில், நாற்பது போர்வைகள் வெந்நீரில் வெந்து கைக்குட்டை அளவுக்குச் சுருங்கின. பழி இயந்திரம் ஓட்டுபவர் தலையில் விழுந்தது. மாலைக்குள் அவரை வேலையிலிருந்து நீக்குவதென்று முதலாளி முடிவெடுத்தார்.

"நான் பட்டனத் தொடவே இல்லம்மா," என்று இயந்திரம் ஓட்டுபவர் அக்காவிடம் வந்து நின்றார். "உங்க ப்ரோக்ராம் சொன்னத மெஷின் செஞ்சுது. நான் வேடிக்கதான் பாத்தேன்."

"அது எல்லாத்தையும் கேட்டுட்டுத்தாண்ணே செய்யும்."

"கேட்டுச்சு, சரி. கம்பளி என்ன பதில் சொல்லுச்சாம்?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. தம் வரிகளை மேலிருந்து கீழாகப் படித்தார். முதல் நிபந்தனை: இது துணியா? ஆமெனில் வெந்நீர். அதற்குக் கீழே, போன வாரம் அவசரத்தில் சேர்த்தது: இது கம்பளியா? ஆமெனில் குளிர்நீர். கம்பளியைத் துணியின் ஓர் உட்பிரிவாக வகுத்தவரும் அவரே. ஆகவே முதல் கேள்விக்கே கம்பளி 'ஆம்' என்றுவிட்டது; இரண்டாம் கேள்விவரை ஒரு போர்வையும் வந்து சேரவில்லை.

மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே முதலாளியின் அறைக்குப் போனார்.

"தப்பு என்னோடதுங்க. அண்ணன் மேல ஒண்ணுமில்ல."

"கம்பளியான்னு கேள்வி எழுதியிருக்கேன்னியேம்மா?"

"எழுதியிருக்கேங்க. வாசல்லயே எல்லாரையும் உள்ள விட்டுட்டு, கொல்லப்பக்கம் நின்னு யாருன்னு கேட்டா எவன் பதில் சொல்லுவான்?"

முதலாளி நெற்றியைத் தேய்த்தார். "சரி, அவரு இருக்கட்டும். விடுதிக்காரங்களுக்கு நீயே பதில் சொல்லிக்க."

அக்கா முதலில் கேள்விகளின் வரிசையை மாற்றினார். பிறகு அதையும் அழித்தார். நாளைக்குப் பட்டு வந்தால் மறுபடி குழப்பம்தான். அந்தந்த வகைக்குள்ளேயே அதன் சலவை முறையை எழுதிவைத்தார். இனி எதையும் 'நீ என்ன வகை?' என்று கேட்க வேண்டாம்; 'துவைத்துக்கொள்' என்றால் போதும், தன் முறை அந்தந்த வகைக்கே தெரியும்.

மறுநாள் காலை, மிச்சமிருந்த கம்பளிகளில் வெளிவந்த முதல் போர்வையை அளந்து பார்க்க, அக்காவும் இயந்திரம் ஓட்டுபவரும் ஆளுக்கு இரண்டு மூலைகளைப் பிடித்தார்கள்.

"மெதுவாம்மா," என்றார் இயந்திரம் ஓட்டுபவர். "இழுத்து நீட்டிக் கணக்குக் காட்டாதீங்க."